டேஷ்கேம் வைஃபை சேர்ந்தும் ஆப்பில் கேமரா வரவில்லையா?

வணக்கம் நண்பரே. உங்கள் ஆண்ட்ராய்டு போன் டேஷ்கேமின் (காரில் பொருத்திச் சாலையைப் பதிவுசெய்யும் கேமரா) வைஃபையில் சேர்கிறது, ஆனால் ஆப் ‘கேமரா கிடைக்கவில்லை’ என்கிறது, சில நொடிகளில் இணைப்பும் அறுந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேமரா பழுதாக இருக்காது என்றே நினைக்கிறேன். சர்வீஸ் சென்டருக்கு இப்போதே அலையாதீர்கள்.

டேஷ்கேம் தரும் வைஃபையில் இணையம் கிடையாது. கேமராவுக்கும் போனுக்கும் நடுவே மட்டும் உள்ள தனி வழி அது. போனோ, நெட் வரவில்லையே என்று மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப் அனுப்பும் தேடல் சிம் வழியாக வெளியே போய்விட்டால் கேமரா எப்படிக் கிடைக்கும்? அதனால் முதலில் மொபைல் டேட்டாவை அணையுங்கள், விபிஎன் (நெட் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் ஆப்) இருந்தால் அதையும். ‘இணையம் இல்லை, இணைப்பில் தொடரவா?’ என்று போன் கேட்டால் ஆம் என்று கொடுங்கள். அந்த அறிவிப்பைப் பார்க்காமலே தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், காரில் வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனின் ஆப்களை வயர் இல்லாமல் காரின் திரையில் காட்டும் வசதி) ஓடுகிறதா? அதுவும் போனின் வைஃபையைத்தான் பிடித்துக்கொள்ளும். என் காரில் அதைத் துண்டித்த பிறகுதான் கேமரா சேர்ந்தது, இரண்டு வாரம் தவித்திருந்தேன்.

ஆப்புக்கு லொக்கேஷன், அருகிலுள்ள சாதனங்கள் இரண்டுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வீட்டில் யாராவது ஐபோனில் முயன்றால், ஐஓஎஸ் 14 முதல் லோக்கல் நெட்வொர்க் அனுமதியும் வேண்டும்.

இதற்கும் அசையவில்லை என்றால் கேமரா அமைப்பில் வைஃபை அலைவரிசையை 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு மாற்றி, போனில் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். சரிவராவிட்டால் போன், கேமரா இரண்டின் மாடலையும் எழுதுங்கள், பார்க்கிறேன்.