என் திருத்தத்தை ஏன் திரும்பத் திரும்ப மாற்றுகிறார்கள்?

கேள்வி: விக்கிப்பீடியாவில் ஒரு மெட்ரோ ரயில் கட்டுரையில் நிலையங்களின் எண்ணிக்கை தவறாக இருந்தது. வழித்தட வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணித் திருத்தினேன். இன்னொருவர் பழைய எண்ணையே போட்டுவிட்டார். மறுபடி மாற்றினேன், மறுபடி அதே கதை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கையை எடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், அதாவது பிறர் திருத்தத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினால், கணக்கையே முடக்கிவிடக்கூடும். விதி கிடக்கட்டும், நீங்கள் இருவருமே சரியாக எண்ணியிருக்கலாம்.

நியூயார்க் சப்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நடத்தும் நிறுவனத்தின் கணக்கில் 472 நிலையங்கள். ஆனால் டைம்ஸ் ஸ்கொயர் போல, பல தடங்கள் கூடி உள்வழியால் இணைந்திருக்கும் இடங்களை ஒன்றாக எண்ணினால் கிட்டத்தட்ட ஐம்பது குறைந்துவிடும். அங்கே 1940 வரை மூன்று அமைப்புகள் தனித்தனியாக ரயில் ஓட்டின. அவரவர் கட்டிய நிலையங்கள் பல இடங்களில் பிற்பாடுதான் இணைக்கப்பட்டன. ஆக, இரண்டு எண்ணும் தப்பில்லை. எப்படி எண்ணினோம் என்று சொல்லாமல் விடுவதுதான் தப்பு. நீளத்திலும் இதே வம்பு உண்டு: 20 கி.மீ. இரட்டைப் பாதையில் தண்டவாளம் 40 கி.மீ. ஓடும், பணிமனைக்குள் இருப்பது தனி.

அதனால் கட்டுரையின் உரையாடல் பக்கத்துக்குப் போய் இப்படிக் கேளுங்கள்: “வணக்கம். ரயில் மாறும் நிலையங்களை நான் தனித்தனியாக எண்ணினேன். நீங்கள் ஒன்றாக எண்ணினீர்களா? எந்தச் சான்றைப் பின்பற்றலாம்?” பாதிச் சண்டை இங்கேயே முடிந்துவிடும். பதிலே வராவிட்டால், ரயில் கட்டுரைகளில் வேலை செய்யும் விக்கித்திட்டத்தின் (பயனர் குழுவின்) பக்கத்தில் மூன்றாவது ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், வரைபடத்தை எண்ணியது சான்றாகாது. கட்டி முடியாத நிலையமும் அதில் இருக்கலாம். நிறுவனத்தின் ஆண்டறிக்கை எண்ணிக்கைக்குப் போதும். “முதல்”, “மிகப் பெரிய” என்ற பெருமைகளுக்கு வெளியார் சான்று வேண்டும். எண்ணோடு எந்தத் தேதி நிலவரம் என்பதையும் எழுதுங்கள்.

சரி, ஒப்புக்கொண்டாயிற்று. அதே எண் தகவற்சட்டத்திலும் (கட்டுரையின் ஓரத்தில் உள்ள சுருக்கப் பெட்டி) முன்னுரையிலும் நிலையப் பட்டியல் கட்டுரையிலும் இருக்கும். ஒரு இடம் விட்டுப்போனாலும், அடுத்த மாதம் வேறொருவர் அதைப் பார்த்து, உங்கள் எண்ணைத் “திருத்த” வந்துவிடுவார்.