வரவேற்பு போனஸும் வராத பணமும்

இந்த நுகர்வோர் கேள்வி-பதில் பகுதிக்கு ஆன்லைன் கேசினோ போனஸ் பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் மிக்ஸி, பட்டுப்புடவைப் புகார்கள் அடுத்த முறை.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. போனுக்கு வந்த லிங்க்கில் போய் 2,000 ரூபாய் கட்டினேன். 100 சதவீத வரவேற்பு போனஸ் என்று இன்னொரு 2,000 ஏறியது. ஆடி 9,000 ஆனது. எடுக்கப் போனால் ‘வேஜரிங் முடியவில்லை’ என்கிறார்கள். நான் கட்டிய பணத்தையாவது தர வேண்டாமா?

பதில்: தர வேண்டும்தான். ஆனால் தராமல் இருப்பதற்கு வழி செய்துகொண்டுதான் அந்த போனஸையே கொடுத்திருக்கிறார்கள். பணத்தை வெளியே எடுப்பதற்கு முன் மொத்தம் எவ்வளவுக்குப் பந்தயம் கட்டி முடிக்க வேண்டும் என்ற கணக்குதான் வேஜரிங். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 35 மடங்கு, டெபாசிட்டும் போனஸும் சேர்த்து, 7 நாளுக்குள் என்று இருக்கிறது. 4,000-ஐ 35-ஆல் பெருக்குங்கள்: 1,40,000 ரூபாய். சுற்றுக்குப் பத்து ரூபாய் வைத்தால் 14,000 சுற்று. ஷிஃப்ட் முடிந்து வந்து தினம் 2,000 சுற்று யாரால் ஆட முடியும்?

சரி, பெரிய தொகையாக வைத்துச் சீக்கிரம் முடிக்கலாம் என்றால், அதற்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். போனஸ் இருக்கும்வரை ஒரு பந்தயத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு அது. ஒரு தடவை அதைத் தாண்டினாலும் ஜெயித்ததெல்லாம் ரத்து. படங்கள் சுழன்று பொருந்தும் ஸ்லாட் ஆட்டத்தை விட்டு, சக்கரத்தில் பந்து விழும் எண்ணுக்குப் பணம் வைக்கும் ரூலெட்டுக்குப் போனால், பல இடங்களில் அங்கே வைக்கும் பணத்தில் 10 சதவீதம்தான் கணக்கில் சேரும். உங்கள் 1,40,000 அங்கே 14 லட்சமாகிவிடும். இதெல்லாம் தாண்டி முடித்தாலும் போனஸில் ஜெயித்ததில் இவ்வளவுக்கு மேல் எடுக்க முடியாது என்று இன்னொரு வரம்பு இருக்கும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 96 சதவீதம் திருப்பிக் கொடுக்கும் ஸ்லாட் என்றால் வைக்கிற ஒவ்வொரு நூறுக்கும் சராசரியாக நான்கு ரூபாய் போகும். 1,40,000-க்கு 5,600. கையில் இருந்ததோ 4,000. பெரும்பாலானவர்களுக்கு நிபந்தனை முடிவதற்கு முன்பே காசு முடிந்துவிடும்.

வழக்குப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023-இல் வந்தது. அதில் அதிர்ஷ்ட ஆட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தவே கூடாது என்கிறது. விளம்பரமும் செய்யக்கூடாது. உங்கள் சனிக்கிழமைச் சம்பளத்தை இனி அங்கே அனுப்பாதீர்கள். போன 2,000-க்காக மனசு கஷ்டப்படுகிறது. உங்கள் மேல் கோபமில்லை.

கேள்வி: முதல் போனஸில் விட்டதை மறுபடி பணம் கட்டினால் தரும் ‘ரீலோட் போனஸ்’ வாங்கிப் பிடித்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். எந்த சைட்டில் நிபந்தனை குறைவு? (கோவை, சிங்காநல்லூர்)

பதில்: எந்த சைட்டும் சொல்ல மாட்டேன். விட்டதைப் பிடிக்க முடியாது. ஒரு தடவை போனஸை நம்பிப் பணத்தை விட்டுவிட்டு, மறுபடியும் அதையே நம்பிக் கட்டப் போகும் உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கேள்வி: சொந்த ஊர் பெருந்துறை. பிரிட்டனில் வேலை. இங்கே இது சட்டப்படி நடப்பதுதானே, சின்ன கேசினோ ஒன்றின் வரவேற்பு போனஸை நம்பலாமா?

பதில்: நீங்கள் இருக்கும் இடத்தில் கேட்க ஆளிருக்கிறது. அங்கேயுள்ள சூதாட்ட ஆணையத்தின் பதிவேட்டில் அந்தக் கம்பெனியின் உரிம எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம். குராசோ (கரீபியன் தீவு) உரிமம் என்று பக்கத்தின் அடியில் போட்டிருப்பது பிரிட்டனில் நடத்துவதற்கான அனுமதி ஆகாது. அங்கே 2026 ஜனவரியிலிருந்து போனஸ் வேஜரிங் 10 மடங்கைத் தாண்டக்கூடாது. 35, 40 என்று கண்ணில் பட்டாலே அது விதியை மதிக்காத இடம். தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் முடியாவிட்டால் செலவில்லாமல், கம்பெனியைச் சாராத தகராறு தீர்வு அமைப்பிடம் கொண்டுபோகலாம். அப்புறம், கட்டுவதற்கு முன் போனஸ் வேண்டாம் என்று சொல்லும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். போனஸ் வாங்காவிட்டால் அதன் கட்டுகள் உங்கள் பணத்தைப் பிடிக்காது.

கேள்வி: விளம்பரம் முழுக்கத் தமிழில் இருந்தது. நிபந்தனை மட்டும் ஆங்கிலத்தில், பதினெட்டுப் பக்கம். படித்திருக்க வேண்டும் என்று மகன் என்னைத்தான் திட்டுகிறான். தப்பு என் மேலா? (பொள்ளாச்சி)

பதில்: இல்லவே இல்லைங்க அம்மா. பல வருடமாக நான் மல்லுக்கட்டும் விஷயம் இது. கூப்பிடும்போது நம் பேச்சில் கூப்பிடுகிறார்கள். கொங்கு வழக்கில் ‘வாங்க கண்ணு’ என்று குரல் கொடுத்துக்கூட விளம்பரம் வருகிறது. கையைக் கட்டும் வரிகள் மட்டும் வக்கீல் ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: விளம்பரத்தில் வாக்குறுதி எந்த மொழியிலோ அதே மொழியில்தான் பொறுப்புத் துறப்பும் (‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ போன்ற வரிகள்) இருக்க வேண்டும், எழுத்தும் அதே எழுத்தாக இருக்க வேண்டும். எத்தனை பேர் மதிக்கிறார்கள்?

கேசினோ மட்டுமில்லை. கோவையில் ஒரு கடையில் நான் கிரைண்டர் வாங்கியபோது 2,000 ரூபாய் கூப்பன் இலவசம் என்றார்கள். வீட்டுக்கு வந்து பின்பக்கம் பார்த்தால், 5,000-க்கு மேல் வாங்கும் ஒவ்வொரு பில்லுக்கும் 200 ரூபாய்தான் கழியும், அதுவும் மூன்று மாதத்துக்குள். அந்த 2,000-ஐ முழுசாக எடுக்க நான் 50,000 ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும். கேசினோ போனஸும் அதே கூப்பன்தான், கிரைண்டர் மட்டும் கிடைக்காது. தமிழில் விற்கிறவன் தமிழில் நிபந்தனையை எழுதட்டும். முதல் பக்கத்தில், விலைக்குப் பக்கத்தில் எழுதட்டும். அதுவரை படிக்காதவரைத் திட்ட எனக்கு மனசு வராது. மகனிடம் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: போனஸில் 60,000 ஜெயித்தேன். 30 சதவீத வரியை முன்கூட்டி இந்த யூபிஐ எண்ணுக்குக் கட்டினால் பணம் வரும் என்கிறார் ஏஜென்ட். (கோபி)

பதில்: கட்டாதீர்கள். வரி என்றால் கொடுக்கிற பணத்திலிருந்து பிடிப்பார்கள். உங்களிடம் தனியாகக் கேட்க மாட்டார்கள், தனி ஆளின் யூபிஐக்கு ஒருநாளும் கேட்க மாட்டார்கள். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் இப்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்துவது கஷ்டம்.

கேள்வி: நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறேன். கேசினோவில் எடுத்த 3,000 ரூபாய் வந்த பிறகு என் பேங்க் கணக்கையே முடக்கிவிட்டார்கள். வாடகைப் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது.

பதில்: அந்த 3,000 கேசினோ கணக்கிலிருந்து வந்திருக்காது. யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து வந்திருக்கும். அந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பி ஏமாந்தவர் எங்கோ புகார் கொடுத்திருப்பார், பணம் போன தடத்தில் உங்கள் கணக்கும் மாட்டியிருக்கும். கிளைக்கு நேரில் போய் எந்த ஊர் சைபர் காவல் நிலையம் கேட்டு முடக்கினார்கள், புகாரின் எண் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். வாடகை ரசீதுகள், ஆறு மாத ஸ்டேட்மென்ட் இரண்டையும் வைத்து அந்த நிலையத்துக்கு மனு எழுதுங்கள். பிரச்சினைக்குரிய 3,000-ஐ மட்டும் நிறுத்தி வைத்து மீதியை விடுவிக்கும்படி கேளுங்கள். 3,000 எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காதீர்கள். ஆடியதையும் எழுத வேண்டியிருப்பதால், கையெழுத்துப் போடும் முன் நாமக்கல் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்தில் மனுவைக் காட்டுங்கள்.