ஏப்ரல் மலையும் நாலு மணி அலாரமும்

வணக்கம் அண்ணா,

நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ். ரிசார்ட்ல பல சீசனா ஸ்கீ ஓட்டுறவங்க. ஏப்ரல் கடைசியில ஆல்ப்ஸ்ல லிஃப்ட் இல்லாத பக்கமா நாங்களே ஏறி இறங்கலாம்னு ப்ளான். 1,200 மீட்டர் ஏற்றம், கிழக்குச் சரிவுல இறக்கம். கேட்டவங்க எல்லாம் விடியறதுக்கு முன்னாடி கிளம்புங்கன்னு சொல்றாங்க. குளிர்காலமே முடிஞ்சிடுச்சே, 9 மணிக்குக் கிளம்பினா என்ன? எங்கள்ல ஒருத்தன் செமையா ஓட்டுவான், அவன் பின்னாடியே போனா சேஃப்தானே? ஸ்கீ கிராம்பான் (கெட்டிப் பனியில வழுக்காம இருக்க ஸ்கீயில மாட்டுற இரும்புப் பல்லு) வேற வாங்கணுமா, செலவு ஏற்கனவே எகிறிடுச்சு.

—

வணக்கம் தம்பி,

9 மணிக்கெல்லாம் கிளம்பாதீங்க. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. ஸ்கின், அதாவது பின்னாடி வழுக்காம இருக்க ஸ்கீ அடியில ஒட்டுற பட்டை, அதை ஒட்டி ஏறினா ஓரளவு பழகின குரூப் மணிக்கு 300, 400 மீட்டர் ஏறும், அப்போ 1,200க்கு மூணரை மணி நேரம், தண்ணி குடிக்க, ஜாக்கெட் கழட்ட, ஒருத்தனுக்கு பூட் கடிக்குதுன்னு நிக்க எல்லாம் சேர்த்தா நாலு நாலரை ஆயிடும். 9க்குக் கிளம்பினா மேல போய்ச் சேர மதியம் ஒண்ணரை. காலையில முதல்ல வெயில் விழுறதே கிழக்குச் சரிவுலதான், ஒண்ணரைக்கு அது ஊறிப்போய்க் கிடக்கும்.

வசந்தகாலப் பனி பகல்ல உருகி ராத்திரி உறைஞ்சு, திரும்ப உருகி உறைஞ்சு, நாளாவட்டத்துல கல் உப்பு மாதிரி பருமணியா ஆயிடும். விடியக்காலையில அது எல்லாம் ஒட்டிப்போய் கெட்டியா இருக்கும், ஸ்கீ எட்ஜ் கரகரன்னு சத்தம் போடும், ஓட்டவே பிடிக்காது. வெயில் ஏற ஏற மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர் மட்டும் இளகும், அடியில இன்னும் கெட்டி. அதுதான் கார்ன் ஸ்னோ, அதுக்காகத்தான் இத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கிறாங்க. அது நிக்கிறது கொஞ்ச நேரம்தான். அப்புறம் உருகின தண்ணி கீழ இறங்கி அடி லேயர்களோட பிடிப்பைத் தளர்த்திடும், ஈரப் பனிச்சரிவு அங்கதான் ஆரம்பிக்குது. உங்க சரிவு 10 மணி வாக்குல பதமா இருக்கும்னு வச்சுக்கிட்டா அஞ்சரைக்கு நடக்க ஆரம்பிக்கணும், அலாரம் நாலுக்கு.

ஆனா சீக்கிரம் எழுந்துட்டாலே போதும்னு இல்ல. ராத்திரி வானம் தெளிவா இருந்துச்சான்னு பாருங்க. தெளிவா இருந்தா பனி தன் சூட்டை வானத்துக்கு விட்டுடும், காற்றோட வெப்பம் பூஜ்ஜியத்துக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி மேல இருந்தாக்கூட மேல்பரப்பு உறையலாம். மேகம் மூடியிருந்தா அந்தச் சூடு திரும்பி வந்துடும், பனி உறையாது. கார் நிறுத்தின இடத்துலயே பூட் பொதபொதன்னு உள்ள போச்சுன்னா அன்னைக்கு மேல போக வேணாம். ஏறுறப்பவும் அப்பப்போ ஸ்கீயைக் கழட்டி மிதிச்சுப் பாருங்க, கணுக்காலுக்கு மேல புதைஞ்சா அந்தச் சரிவுல உங்க நேரம் முடிஞ்சுது. பனிச்சரிவு அபாய அறிக்கையையும் முழுசாப் படிங்க, ஆல்ப்ஸ்ல இருக்கிற டைரோல், தென் டைரோல், ட்ரென்டினோ மூணு பகுதியும் சேர்ந்து போடுற அறிக்கையில தேவைப்படுற நாள்ல காலைக்கு ஒரு மேப் மதியத்துக்கு ஒரு மேப் தனித்தனியா வரும், நிறைய பேர் காலை மேப்பைப் பார்த்துட்டு போனை மூடிடறாங்க. (புல் சரிவுல வாய் பிளந்த மாதிரி விரிசல் தெரிஞ்சா அதுக்குக் கீழ நிக்கவே நிக்காதீங்க, மொத்தப் பனியும் தரையோட வழுக்கி வர்ற ரகம் அது, ராத்திரின்னும் பார்க்காது பகல்னும் பார்க்காது.)

இப்போ உங்க ஃப்ரெண்ட். எனக்கு 9 மணியை விட அவர் மேட்டர்தான் கவலை. ஸ்கீ நல்லா ஓட்டுறது வேற, பனியைப் படிக்கிறது வேற. இயன் மெக்கேமன்னு ஒருத்தர் அமெரிக்காவுல 1972லேருந்து 2003 வரைக்கும் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து அலசினார், அதுல மனசு நம்மளை ஏமாத்துற பொறிகள்னு அவர் பட்டியல் போட்டதுல ஒண்ணு இதேதான், ஒருத்தனை மனசுக்குள்ள எக்ஸ்பர்ட்டா நியமிச்சுட்டு மத்தவங்க யோசிக்கிறதையே விட்டுடறது. ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல இது இன்னும் மோசம், ஏன்னா நாம வேணாம்னு சொன்னா அவன் மூஞ்சி சுருங்குமேன்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டு ஏறுவாங்க, கடைசியில பார்த்தா அவனும் உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டேதான் போயிருப்பான். அதனால முந்தின ராத்திரியே பேசிடுங்க: இத்தனை மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பறோம், உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் சரி. நாலு பேர்ல ஒருத்தர் வேணாம்னா வேணாம்தான், காரணம் கேட்கக்கூடாது, கீழ வந்து கிண்டலும் பண்ணக்கூடாது. செங்குத்தான இடத்துல ஒருத்தர் ஓட்டுறப்போ மத்த மூணு பேரும் பத்திரமான இடத்துல நின்னு பார்க்கணும். அவன் லைன்லயே போறதால எந்தப் பாதுகாப்பும் கிடையாது, முதல் ஆளைத் தாங்கின சரிவு மூணாவது ஆள் போறப்போ பிச்சுக்கிட்டு வரலாம்.

ட்ரான்ஸீவர் (பனியில புதைஞ்ச ஆளைத் தேட உதவுற சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள்ள குத்திப் பார்க்கிற நீளக் கம்பி), தோண்ட ஷவல், ஆளுக்கு ஒரு செட், இதுல பேரமே கிடையாது. ட்ரான்ஸீவர் பக்கத்துல போன் வைக்காதீங்க, சாதாரணமா 20 சென்டிமீட்டர், தேடுறப்போ 50 தள்ளி இருக்கணும்.

கிராம்பான் வாங்குங்க. விடியக்காலை அந்தக் கெட்டிப் பனியில ஸ்கின் மட்டும் பிடிக்காது, குறுக்கால போறப்போ வழுக்கினா கீழ வரைக்கும் போயிட்டேதான் இருப்பீங்க. செலவுதான் பிரச்சனைன்னா வாடகைக்குக் கிடைக்குதான்னு கேளுங்க, உங்க ஸ்கீயோட நடு அகலத்துக்கும் பூட்டை ஸ்கீயில பிடிச்சு வைக்கிற பைண்டிங்குக்கும் பொருந்துற சைஸான்னு மட்டும் கடையிலயே மாட்டிப் பார்த்துடுங்க. ஸ்கின்னுக்கு மெழுகும் ஒரு துண்டு பையில போட்டுக்கோங்க, வெயில்ல நனைஞ்ச ஸ்கின் நிழலுக்குள்ள போனதும் அடியில கட்டி கட்டியா பனி ஒட்டிக்கும், ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி வைக்கிறதுலயே உயிர் போயிடும்.