புது கிளட்ச் போட்டும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கா? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கிளட்ச் பத்தினது தான். மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை நடக்கற ரோடு பூரா ஊர்ந்து ஊர்ந்து போய் நம்ம ஊர்க்காரங்க இடது காலும் கிளட்சும் படாத பாடு படுது. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், இதையே முழுசா பேசிடலாம்.

கேள்வி: சார், என்கிட்ட இருக்கறது மறைமலை நகர்ல செஞ்ச ஃபோர்டு டீசல் கார், 2015 மாடல், 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுச்சு, ஸ்பீடு ஏறல. ஜி.பி. ரோட்ல வெளிமார்க்கெட் கிளட்ச் செட் வாங்கி வீட்டுப் பக்கத்து ஷெட்ல குடுத்து மாட்டினேன். இப்போ இழுவை நல்லா இருக்கு, ஆனா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது, காலைல ரிவர்ஸ் போட்டா கர்ருனு கடிக்குது, நாலஞ்சு வாட்டி பெடலை அடிச்சா தான் கியர் விழுது. மெக்கானிக் கிட்ட கேட்டா நீங்க வாங்கின செட் மட்டம்னு சொல்றார். கிளட்ச் சிலிண்டர் கியர் பாக்ஸ் உள்ளயே இருக்காம், அதை மாத்தலயாம். இன்னொரு செட் வாங்கணுமா? – வாசகர், மேடவாக்கம்

பதில்: வேண்டாம் தம்பி, பத்து பைசா கூட செலவு பண்ணாதீங்க இப்போதைக்கு. நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு. இழுவை நல்லா இருக்குன்னா கிளட்ச் பிளேட்டும் அதை அழுத்திப் பிடிக்கற பிரஷர் பிளேட்டும் ஒழுங்கா பிடிக்குதுன்னு அர்த்தம், கோளாறு பிடிக்கறதுல இல்ல, விடறதுல. அதுவும் நாலஞ்சு வாட்டி அடிச்சா சரியாகுதுன்னா கிளட்ச் ஆயில் போற லைன்ல காத்து நிக்குதுன்னு தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன்.

பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை பைப்ல தள்ளுது, அந்த ஆயில் கீழ இருக்கற ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுது, அது பிளேட்டை விடுவிக்கற ரிலீஸ் பேரிங்கை நகத்துது. ஆயிலை அமுக்க முடியாது, காத்தை அமுக்கலாம், விஷயமே அவ்ளோ தான். பேரிங் நகர வேண்டிய தூரமே சில மில்லிமீட்டர், அதுல ஒரு குமிழி உக்காந்து கொஞ்சத்தை தின்னுட்டா பிளேட் இன்ஜினோட சேந்து சுத்தற ஃப்ளைவீலை விட்டு முழுசா விலகாது, லேசா உரசிக்கிட்டே சுத்தும். நிறைய வண்டில ரிவர்ஸுக்கு சின்க்ரோ, அதாவது கியர் விழறதுக்கு முன்னாடி வேகத்தை ஒண்ணாக்கற அமைப்பு, கிடையாது, அதனால முதல்ல கத்தறது ரிவர்ஸ் தான்.

கியர் பாக்ஸை திரும்ப இறக்கறதுக்கு முன்னாடி ஒழுங்கா ஒரு தடவை ஏர் எடுக்க, அதாவது லைன்ல இருக்கற காத்தை வெளியேத்தச் சொல்லுங்க. ஒழுங்கான்னா எப்படின்னு சொல்றேன், நின்னு பாருங்க. கிளட்சுக்கும் பிரேக் ஆயில் தான், சீல் உடைக்காத புது டப்பா, உங்க வண்டில ஆயில் ஊத்தற ரிசர்வாயர் மூடில என்ன போட்டிருக்கோ அதே கிரேடு, பெரும்பாலும் டாட் 4 தான் இருக்கும். ஸ்லேவ் பக்கம் காத்தை வெளிய விடறதுக்குன்னு இருக்கற நிப்பிள்ல உள்ள தெரியற டியூப் ஒண்ணை மாட்டி, அதோட மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊத்தின பாட்டில்ல முங்கி இருக்கணும். ஒருத்தர் உள்ள உக்காந்து பெடலை நிதானமா கடைசி வரைக்கும் மிதிச்சு அப்படியே பிடிச்சுக்கணும், அப்புறம் தான் வெளிய இருக்கறவர் நிப்பிளை அரை சுத்து திறக்கணும், ஆயில் வந்து நின்னதும் மூடணும், மூடினேன்னு குரல் குடுத்த பிறகு தான் பெடலை விடணும். மூடறதுக்கு முன்னாடி காலை எடுத்தா வெளிய வந்த காத்து அப்படியே உள்ள ஏறும், அரை மணி நேர வேலை வீண். காத்து இருக்கறப்போ பெடல் தானா மேல வராது, பயப்பட வேண்டாம், கையால தூக்கி விடணும். நடுவுல ரிசர்வாயர் காலியாகவே கூடாது, அஞ்சு தடவைக்கு ஒரு வாட்டி எட்டிப் பாத்து ஊத்திக்கிட்டே இருக்கணும்.

அந்த டியூப்பை டார்ச் அடிச்சு பாத்தீங்கன்னா எல்லாம் தெரியும். முதல்ல டீ டிகாக்ஷன் மாதிரி கருப்பா வரும், அது பழைய ஆயில். அப்புறம் சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரை. அப்புறம் நுரை நின்னு பட்டாணி சைஸுல ஒவ்வொரு குமிழியா வரும், இங்க தான் நிறைய பேர் போதும்னு நிப்பிளை டைட் பண்ணிடறாங்க. கடைசியா கடுகு மாதிரி ரெண்டு மூணு வரும், அதுவும் நின்ன பிறகு இன்னொரு பத்து தடவை எடுக்கணும். என் ஷெட்ல ஒரு மழை நாள் சாயங்காலம் ஒரு வண்டிக்கு ரெண்டு மணி நேரம் எடுத்தும் பெடல் ஏறல, பையனுக்கு கால் வலி, எனக்கு கோவம். அப்புறம் தான் பாத்தேன், மேல போற பைப் ஒரு இடத்துல வளைஞ்சு நிப்பிளை விட உயரமா நிக்குது, காத்து அங்க போய் உக்காந்துக்குச்சு, கீழ இருந்து எவ்ளோ எடுத்தாலும் வராது. மெடிக்கல் ஷாப்ல 50 மில்லி ஊசி சிரிஞ்ச் ஒண்ணு வாங்கி, ரிசர்வாயர்ல பாதி ஆயிலை உறிஞ்சி எடுத்துட்டு, கீழ நிப்பிள் வழியா புது ஆயிலை மெதுவா மேல தள்ளினேன். காத்துக்கு மேல போறது தான் சுபாவம், அது போற திசைலயே தள்ளினா சண்டை போடாது. ரிசர்வாயர்ல பளபளன்னு நாலு குமிழி வந்து வெடிச்சுது, பெடல் கல்லு மாதிரி நின்னுடுச்சு. அதுல இருந்து முரண்டு பிடிக்கற வண்டிக்கு எல்லாம் முதல்லயே இந்த வழி தான். சில வண்டில நிப்பிளே இருக்காது, பைப் கிளிப்பை ஒரு ஸ்டெப் வெளிய இழுத்தா அது தான் நிப்பிள், அதை வலிச்சு உடைச்சுடாதீங்க.

இப்படி எடுத்து ஒரு வாரம் பெடல் அப்படியே நின்னா தப்பிச்சீங்க. திரும்ப பஞ்சாச்சுன்னா எங்கயோ சீல் விடுது. பெடலை மிதிச்சு பிடிச்சா தானா மெதுவா கீழ இறங்குது, ஆனா வெளிய எங்கயும் ஒழுகல, ஆயில் மட்டமும் குறையலன்னா மாஸ்டர் சிலிண்டர். கியர் பாக்ஸும் இன்ஜினும் சேர்ற இடத்துல கீழ ஈரம் கசிஞ்சா உள்ள இருக்கற ஸ்லேவ். உள்ள இருக்கறது போனா வேற வழியே இல்ல, பாக்ஸ் இறங்கணும், லேபர் ரெண்டாவது தடவை.

இதை நான் பல வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன், இந்த பக்கத்துலயும் சொல்றேன்: ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங், அதாவது கிளட்சை மூடியிருக்கற கூடு உள்ள இருக்கற வண்டிக்கு கிளட்ச் மாத்தினா அந்த சிலிண்டரையும் சேத்து தான் மாத்தணும், அது ஒழுகாம நல்லா இருந்தாலும் சரி. லட்சம் கிலோமீட்டர் ஓடின ரப்பர் சீல், தேஞ்ச பழைய பிளேட்டுக்கு ஏத்த இடத்துலயே ஓடிப் பழகினது, புது பிளேட் போட்டதும் பிஸ்டன் வேற இடத்துல ஓட ஆரம்பிக்கும், அங்க அழுக்கும் உப்பும் படிஞ்சிருக்கும், சீல் கிழியும். கஸ்டமர் காசை மிச்சம் பண்றேன்னு நினைச்சு அதை விடற மெக்கானிக் அவரை அறியாமலே கஸ்டமரை ரெண்டு தடவை லேபர் குடுக்க வெக்கறார்.

திரும்ப இறக்கற மாதிரி ஆச்சுன்னா சிலதை மட்டும் கண்ணால பாத்துக்கோங்க. புது சிலிண்டரை கையில வெச்சு அமுக்கி விளையாடக் கூடாது, பாக்ஸ் ஏறாம பெடலை மிதிக்கவே கூடாது, பிஸ்டன் வெளிய எகிறிடும். பிளேட்ல ஃப்ளைவீல் பக்கம் எதுன்னு எழுதியிருக்கும், திருப்பி மாட்டினா அன்னைக்கே தெரிஞ்சுடும். கிரீஸ் கை பட்ட பிளேட் பின்னாடி நடுங்கும், அதனால கையைத் துடைக்கச் சொல்லுங்க, புது பிரஷர் பிளேட் மேல துரு பிடிக்காம இருக்க பூசியிருக்கற ஆயிலையும் கிளீனர் போட்டு துடைக்கணும். சென்டர் பண்ற டூல் வெச்சு தான் பிளேட்டை நிறுத்தணும், போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும், முக்கியமா கியர் பாக்ஸ் வெயிட்டை ஒரு நிமிஷம் கூட பிளேட் மேல தொங்க விடக்கூடாது, பிளேட் நடுவுல இருக்கற ஹப் வளைஞ்சா அந்த செட் குப்பை தான்.

வெளிமார்க்கெட்னாலே மட்டம்ங்கற பேச்சை மட்டும் நம்பாதீங்க. லுக், வேலியோ, எக்சிடி, சாக்ஸ் இவங்க எல்லாம் கார் கம்பெனிங்களுக்கே கிளட்ச் செஞ்சு குடுக்கறவங்க, லுக்குக்கு ஓசூர்லயே ஃபேக்டரி இருக்கு. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் செய்யறதை நிறுத்தறோம்னு அறிவிச்சப்போ உங்களை மாதிரி எத்தனையோ பேர் இனிமே சாமான் கிடைக்குமான்னு எனக்கு எழுதினாங்க, அவங்க வண்டி எல்லாம் இன்னும் ஓடிக்கிட்டு தான் இருக்கு. பயப்பட வேண்டியது டூப்ளிகேட்டுக்கு. பில்லோட வாங்குங்க, மாட்டறதுக்கு முன்னாடி பழைய பிளேட்டையும் புதுசையும் ஒரு பேப்பர் மேல பக்கத்துல பக்கத்துல வெச்சு விட்டம், ஹப் உயரம், நடுவுல இருக்கற பல்லு எண்ணிக்கை மூணையும் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை, ஒரு நாள் லேபரைக் காப்பாத்தும்.

கேள்வி: சார், என் காருல பிரேக் ஆயில் டப்பா மாசாமாசம் கொஞ்சம் குறையுது. பிரேக் நல்லா பிடிக்குது, கிளட்ச் தான் சில நாள் லூசா இருக்கு. டிரைவர் கையில இருந்த பவர் ஸ்டியரிங் ஆயிலை ஊத்தட்டுமான்னு கேக்கறார், ஊத்தலாமா? – வாசகி, அண்ணா நகர்

பதில்: தயவு செஞ்சு ஊத்தாதீங்க மேடம். உங்க வண்டில பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. கிளட்சுக்கு போற பைப் அதுல கொஞ்சம் மேல இருந்து கிளம்பும், கிளட்ச் ஒழுகி ஆயில் குறைஞ்சாலும் பிரேக்குக்கு மிச்சம் இருக்கட்டும்னு தான் அந்த ஏற்பாடு. அதனால தான் பிரேக் நல்லா இருக்கும்போதே கிளட்ச் காத்தை இழுக்குது. பவர் ஸ்டியரிங் ஆயில் பெட்ரோலிய வகை, பிரேக் சீல் ரப்பர் அதுல ஊறி உப்பிடும், கிளட்ச் கசிவுக்கு வைத்தியம் பண்ணப் போய் பிரேக்கை இழந்துடுவீங்க. டிரைவர் சீட் பக்கம் மேட்டைத் தூக்கி பெடலுக்கு மேல கையை விட்டு தடவிப் பாருங்க, பிசுபிசுன்னு ஈரம் இருந்தா மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுது. வேற காரணமும் இருக்கலாம், பிரேக் பேட் தேயத் தேயவும் மட்டம் கொஞ்சம் இறங்கும், ஆனா மாசாமாசம் இறங்காது. இந்த வாரமே காட்டுங்க.

டப்பா மூடியை திறந்து வெக்காதீங்க, பழைய பாதி டப்பாவையும் ஊத்தாதீங்க. இந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும், நம்ம ஊர் ஈரத்துக்கு கேக்கவே வேண்டாம். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினா அது 155 வரைக்கும் இறங்கலாம். 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. பெயிண்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்துங்க, துடைச்சா போதாது, பெயிண்ட்டைத் தின்னுடும்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வண்டி தண்ணில நின்னுச்சு, மத்ததெல்லாம் அப்போவே சரி பண்ணிட்டேன். இப்போ மழைல ரெண்டு வாரம் எடுக்காம விட்டா கிளட்ச் மிதிச்சாலும் கியர் விழ மாட்டேங்குது. ஏர் எடுத்தும் பிரயோஜனம் இல்ல. – வாசகர், வேளச்சேரி

பதில்: பெடல் கெட்டியா இருக்குன்னா இது காத்து இல்ல, பிளேட் துரு பிடிச்சு ஃப்ளைவீல்ல ஒட்டிக்குது. ஆள் இல்லாத கிரவுண்ட்ல கிளட்சை மிதிச்சபடியே செகண்ட் கியர்ல ஸ்டார்ட் பண்ணி, ஓட்டி, ஆக்சிலேட்டரை விட்டு விட்டுப் பிடிச்சா பிச்சுக்கிட்டு வரும், ரோட்டுல முயற்சி பண்ணாதீங்க, கிளட்ச் மிதிச்சும் வண்டி ஓடும். ஒரு தடவைன்னா இதோட விட்டுடலாம், ஒவ்வொரு மழைக்கும் ஒட்டுதுன்னா இறக்கிப் பாத்து ஃப்ளைவீல் முகத்தை சுத்தம் பண்ணி பிளேட்டை மாத்துங்க.

கேள்வி: ஓ.எம்.ஆர்ல தினம் ரெண்டு மணி நேரம் டிராஃபிக், அதுக்கு ரேஸ் கிளட்ச் போட்டா ரொம்ப நாள் வருமா? – வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: வராது தம்பி. அழுத்தம் ஜாஸ்தியான பிரஷர் பிளேட் போட்டா பெடல் கனமாகும், முட்டி தான் போகும், சில வகை பிளேட் மெதுவா விடும்போது வெட்டி வெட்டி இழுக்கும், ஊர்ற டிராஃபிக்குக்கு அது ஆகவே ஆகாது. கம்பெனி அளவு செட்டே போதும். முன்னாடி வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு கார் இடைவெளி விட்டு, ஹாஃப் கிளட்ச்ல தொங்காம, ஃபர்ஸ்ட்ல முழுசா விட்டு உருட்டிக்கிட்டு போங்க, நின்னா நியூட்ரல், பெடல் மேல காலை ஓய்வெடுக்க விடாதீங்க. புது செட்னா முதல் 500 கிலோமீட்டர் அடிச்சு ஓட்டாதீங்க, பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒண்ணுக்கொண்ணு படிஞ்சு உக்காரட்டும்.