இடுக்கில் எபாக்சி வேண்டாம் சார்

கொடைக்கானலில் வாங்கிய பழைய தேக்கு மோட்டார் படகு பலகை இடுக்கெல்லாம் ஒழுகுகிறது, எபாக்சி (கல்லாய் இறுகும் பிசின்) ஊற்றி அடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம் சார். கொட்டகையில் காய்ந்த பலகை சுருங்கித்தான் இருக்கும். தண்ணீர் குடித்தால் ஊதும். இடுக்கில் எபாக்சி இறுகியிருந்தால் ஊத இடமில்லாமல் பலகை நசுங்கும்.

முதலில் உள்ளே ஈரச் சாக்கு விரித்துச் சில நாள் ஊற விடுங்கள். அப்புறமும் ஒழுகும் இடத்தில் மட்டும் இடுக்கில் இருக்கும் பழைய பஞ்சைச் சுரண்டிவிட்டு, புதுப் பஞ்சுத் திரி வைத்துக் கலப்பத்து அடியுங்கள், அதாவது திரியை இடுக்குக்குள் தட்டி அடையுங்கள். ரொம்ப இறுக்க வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை திருகாணிகள்தான். ஒன்றைக் கழற்றிச் சுரண்டிப் பாருங்கள். பித்தளை மஞ்சள் போய் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பித்தளையில் கலந்திருந்த துத்தநாகம் அரித்துப் போய்விட்டது என்று அர்த்தம். திருகும்போதே தலை ஒடியும். சிலிக்கான் வெண்கலத் திருகாணிகளுக்கு மாற்றிவிடுங்கள். வார்னிஷ் கடைசியில், மூடுபனி இல்லாத பகலில்.