பிள்ளையிடம் தமிழை நிறுத்த வேண்டாம்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை நேற்றிரவு இரண்டு முறை வாசித்தேன். குடிவந்து எட்டு மாதம். மகனுக்கு மூன்று வயது ஆக இன்னும் இரண்டு மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டிக் கேட்பதில்லை, முன்பு சொல்லிக்கொண்டிருந்த நாலைந்து வார்த்தைகளும் இப்போது இல்லை. ஆட்டிசமாக இருக்கலாம், மதிப்பீட்டுக்கு எழுதித் தரட்டுமா என்று பாலர் பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார். நீங்கள் என்னிடம் கேட்டவை மூன்று. நாடு மாறி வந்ததால் இப்படி ஆயிற்றா? வீட்டில் தமிழை விட்டுவிட்டு இந்த நாட்டு மொழியிலேயே பேச வேண்டுமா? வீட்டுக்காரர் சொல்வது போல இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமா?

நான் வந்து 21 வருஷம் ஆகிறது. என் மகனுக்கு 19 வயது. அவன் பிறந்ததே இங்கேதான். அவனும் ஒன்றேகால் வயதில் சில வார்த்தைகள் சொன்னான், இரண்டு வயதுக்குள் அவை ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவன் எந்த நாடும் மாறவில்லை, எந்த விமானமும் ஏறவில்லை. உங்கள் முதல் கேள்விக்கு என் வீட்டிலேயே பதில் இருக்கிறது.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அது குழந்தை கருவில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களுக்கு இதில் பங்கு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். வெளியே தெரிவதுதான் தாமதம். பெயர் கூப்பிட்டால் திரும்புவது, ஒன்றைக் காட்டி நம் முகத்தைப் பார்ப்பது, இதெல்லாம் வர வேண்டிய வயதில் வராதபோதுதான் நமக்கு உறைக்கிறது. சில குழந்தைகளுக்கு 15 முதல் 24 மாதத்துக்குள் வந்த வார்த்தைகளும் நின்றுபோகும். அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்ததோ அதன்மேல் பழி விழும். உங்கள் வீட்டில் பயணம். வேறு வீட்டில் தடுப்பூசி, இன்னொரு வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்தது.

தட்டம்மைக்கும் இன்னும் இரண்டு நோய்களுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று உங்களுக்கு வந்த செய்தியையும் அனுப்பியிருந்தீர்கள். அந்தப் பயத்தைக் கிளப்பிய கட்டுரை 1998-இல் வந்தது, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2019-இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள், அந்தத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை. சின்னவளுக்கு ஊசி போடத் தயங்காதீர்கள்.

அம்மாக்கள் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வது புதிதில்லை. 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார், ஆட்டிசம் தனி நிலையாக உலகுக்குத் தெரிந்தது அதிலிருந்துதான். ஆனால் அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல், அம்மாவிடம் பாசம் இல்லாததால்தான் குழந்தை இப்படி ஆயிற்று என்று படித்தவர்களே சொன்னார்கள். எத்தனை பெண்கள் அதைக் கேட்டு உடைந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது. 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்குத் தானும் தந்தை, இது உடல் சார்ந்தது என்று வாதாடி எழுதினார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து, மரபுக்கு இதில் பெரிய பங்கு இருப்பதைக் காட்டினார்கள். நீங்கள் செய்த எதுவும் இதைக் கொண்டுவரவில்லை. செய்யாமல் விட்ட எதுவும் கொண்டுவரவில்லை.

சரி, மொழிக்கு வருகிறேன். உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான்.

என் மகனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். அன்று அங்கிருந்த நிபுணர் ஒருவர், இரண்டு மொழி அவனைக் குழப்பும், வீட்டிலும் ஒரே மொழி பேசுங்கள் என்றார். நாங்கள் கேட்டோம். ஒன்றரை வருஷம் அவனிடம் ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. அப்போது எனக்கு இந்த நாட்டு மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் வரும். "வா", "உட்கார்", "வேண்டாம்" என்பதற்கு மேல் என் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. கொஞ்சத் தெரியவில்லை. குளிப்பாட்டும்போது இதமாக நாலு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. எதைப் பேசினாலும் மனதுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துப் பேசும் அம்மாவிடம் பிள்ளை எப்படிப் பேச்சைக் கற்றுக்கொள்ளும்?

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று, அது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதற்கு முன்னால் அவன் "சரி, வச்சிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். நான் அம்மாவிடம் தொலைபேசியில் பேசி முடிக்கும்போது சொல்வது அது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொல்வான், குளியல் தொட்டியிலிருந்து எழுந்து நின்று சொல்வான், விருந்தினர் வந்து வீடு நிறைந்தால் காதைப் பொத்திக்கொண்டு சொல்வான். கேட்டதையே திருப்பிச் சொல்கிறான், அர்த்தம் இல்லை என்று நாங்கள் விட்டுவிட்டோம். அர்த்தம் இருந்தது. "போதும், இது முடியட்டும்" என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே வாக்கியம் அதுதான். தமிழை நிறுத்தியபோது அந்த வாக்கியத்தையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டோம். அப்புறம் போதும் என்று சொல்ல அவனிடம் தலையைச் சுவரில் முட்டுவது மட்டும்தான் இருந்தது.

கேட்டதைத் திருப்பிச் சொல்வதை ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் பார்க்கலாம். கானர் பார்த்த குழந்தைகளிடமும் இருந்தது. "நான்", "நீ" மாறிவருவதையும் அவர் குறித்திருக்கிறார். என் மகன் "உனக்குத் தண்ணி வேணுமா?" என்பான், தனக்குத் தண்ணீர் வேண்டும் என்று பொருள். தண்ணீர் வரும்போதெல்லாம் அவன் கேட்ட வாக்கியம் அதுதானே. உங்கள் மகனுக்குப் பேச்சு வரத் தொடங்கும்போது இப்படி ஏதாவது வரலாம். திருத்தாதீர்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் சொல்கிறான் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஒரு வாரத்தில் உங்களுக்கே புரிந்துவிடும்.

எங்களுக்கு அன்று கிடைத்த ஆலோசனை தவறு என்று பிறகு தெரிந்தது. 2012-இல் கனடாவில் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்கள், ஒரே மொழி கேட்டவர்களைவிடக் கூடுதலாகப் பின்தங்கவில்லை. அதன் பிறகு வந்தவையும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. ஆகவே உங்களுக்கு எந்த மொழி தாராளமாக வருமோ அதில் பேசுங்கள். பள்ளியில் அவன் இந்த நாட்டு மொழியைக் கேட்டுக்கொள்வான். படம் காட்டிக் கேட்பதற்கும், திரையைத் தொட்டால் குரல் வரும் கருவிக்கும் பயப்பட வேண்டாம். அவற்றால் பேச்சு நின்றுபோகும் என்று சொல்வார்கள், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. அந்தக் கருவியிலும் தமிழ்ச் சொற்களைப் பதிவு செய்துகொள்ளலாம்.

மூன்றாவது கேள்விக்கு ஒரே வரி: பொறுத்துப் பார்க்காதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் வரிசை இருக்கும், வருஷம் தாண்டுவதும் உண்டு. அதற்குள் மதிப்பீடு தேவையில்லை என்று மருத்துவரே சொல்லிவிட்டால் சந்தோஷம், தேதியை ரத்து செய்துகொள்ளலாம். காத்திருக்கும் நேரத்தில் காது கேட்கும் சோதனையை முடித்துவிடுங்கள், எப்படியும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பேச்சுப் பயிற்சி தொடங்கப் பெரும்பாலும் ஆட்டிசம் என்று உறுதி செய்யும் சான்றிதழ் வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்காரர் அந்தப் பெயரைக் கேட்டே பயப்படுகிறார் என்று தோன்றுகிறது. அவருக்கு இதைச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். அதில் ஒருவர் போல இன்னொருவர் இருப்பதில்லை. வாயே திறக்காதவரும் உண்டு, பேராசிரியராக இருப்பவரும் உண்டு. முன்பு தனித்தனிப் பெயர் வைத்திருந்த நிலைகளை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது இதனால்தான். சத்தம், வெளிச்சம், துணியின் உரசல் இவற்றை மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதையும் அப்போதுதான் அடையாளங்களில் சேர்த்தார்கள். உங்கள் மகன் கடைக்குள் போனதும் தரையில் விழுந்து கத்துகிறான் என்று எழுதியிருந்தீர்களே, அது பெரும்பாலும் அடம் இல்லை. அடம் பிடிக்கும் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழும், கேட்டதைக் கொடுத்தால் நிற்கும். இது எதைக் கொடுத்தாலும் நிற்காது. அங்கே சமாதானம் பேசாமல் வெளியே தூக்கி வந்துவிடுங்கள், யார் பார்த்தால் என்ன.

தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. என் மகனின் மதி இறுகிக் கிடக்கவில்லை, அவன் கவனிக்கும் விதம் வேறு. நான் ஆட்டிசம் என்றே சொல்கிறேன்.

குணப்படுத்திவிடுவோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். இது வளர்ச்சி சார்ந்த நிலை, இதைப் போக்க மருந்து கிடையாது. தூக்கம், வலிப்பு போன்றவை கூட இருந்தால் அவற்றுக்கு வைத்தியம் உண்டு. உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று மருந்து ஏற்றுவதும், குளோரின் டை ஆக்சைடு என்ற வெளுக்கும் ரசாயனத்தைக் குடிக்கக் கொடுப்பதும் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. புதிதாக வந்து தனியாக இருக்கும் அம்மாக்களைத்தான் இப்படிப்பட்டவர்கள் முதலில் தேடி வருகிறார்கள்.

மதிப்பீட்டு நாளைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். வீட்டுக்காரரை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், அவர் அப்பாவாக உட்காரட்டும். உங்களுக்கு நன்றாகப் பேச வந்தாலும் கேளுங்கள், பிள்ளையைப் பற்றிப் பேசும்போது தொண்டை அடைக்கும். அவன் புரிந்துகொள்ளும் தமிழ் வார்த்தைகளைப் பட்டியல் போட்டு எடுத்துப் போங்கள், அவன் வீட்டில் கேட்காத மொழியில் மட்டும் சோதித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிவிடக் கூடாது. முன்பு சொல்லி நின்றுபோன அந்த நாலைந்து வார்த்தைகளையும், அவை வந்த மாதத்தையும் நின்ற மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். அவை என்னென்ன வார்த்தைகள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.