ஹைட்ரஜனும் எதிர்ஹைட்ரஜனும் சந்தித்தால்

அன்புள்ள ஐயா,

எதிர்ப்பொருள் பற்றிய கட்டுரையில், பொருளும் எதிர்ப்பொருளும் தொட்ட கணமே அழிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஒரு எதிர்ஹைட்ரஜன் அணுவும் மிக மெதுவாக நெருங்கினாலும் அப்படித்தானா? இரண்டுக்கும் மொத்த மின்னூட்டம் கிடையாதே. அப்புறம், யாரும் பார்க்காத மோதலைக் கணக்குப் போட்டு என்ன பயன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘தொட்ட கணமே’ என்றது என் சோம்பேறித்தனம். அணுக்கள் தொட்டுக்கொள்வது என்றால் என்ன என்பதுதான் இங்கே சிக்கலே.

ஹைட்ரஜனில் ஒரு புரோட்டானும் எலக்ட்ரானும்; எதிர்ஹைட்ரஜனில் அவற்றின் எதிர்த்துகள்களான எதிர்ப்புரோட்டானும் பாசிட்ரானும். தூரத்தில் இருக்கும்வரை எதிரே வருவது யார் என்று இவற்றுக்குத் தெரியாது. நடுவில் உள்ளது வான் டெர் வால்ஸ் ஈர்ப்புதான், அதாவது மின்னூட்டமற்ற அணுக்களுக்கு இடையேயும் இருக்கும் மெல்லிய இழுப்பு. இரண்டு சாதாரண ஹைட்ரஜன் அணுக்களுக்கு நடுவே எவ்வளவோ, இங்கும் அதே அளவு. கிட்டே வந்தபின் கதை மாறுகிறது. இரண்டு புரோட்டான்கள் என்றால் தள்ளிக்கொள்ளும். புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் இழுத்துக்கொள்கின்றன.

அவை நெருங்க நெருங்க ஒன்றின் மின்னூட்டம் மற்றதை மறைக்கிறது. போர் ஆரம் என்பது ஹைட்ரஜன் அணுவின் அளவைக் குறிக்கும் அலகு. இடைவெளி சுமார் 0.74 போர் ஆரத்துக்குக் கீழே (0.74 போர் ஆரம் என்பது ஒரு மில்லிமீட்டரை இரண்டரைக் கோடியாக வகுத்தால் வருவது) போனதும் எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் அவற்றால் பிடித்துவைக்க முடிவதில்லை. அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றும் ஜோடியாக, பாசிட்ரோனியமாகக் கிளம்பிவிடலாம். மிஞ்சுவது புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் சேர்ந்த ஜோடி, புரோட்டோனியம். நேரடியாக அழிவதும் உண்டு, ஆனால் இந்த ஜோடிமாற்றமும் ஒரு வழி. வரவுசெலவு பாருங்கள்: இரண்டு அணுக்களின் பிணைப்பு ஆற்றல் 27.2 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு), பாசிட்ரோனியத்துக்கு 6.8. மீதி 20.4-க்குக் குறையாத பிணைப்பு புரோட்டோனியத்துக்கு வேண்டும். அது 24-ஆம் ஆற்றல் படியிலோ அதற்குக் கீழோ கிடைக்கிறது. பிரிந்தபின் பாசிட்ரோனியம், அதன் இரு துகள்களின் சுழற்சி (ஸ்பின்) எதிரெதிரா ஒரே திசையா என்பதைப் பொறுத்து, 0.125 அல்லது 142 நானோநொடி வாழும்.

கணக்கு கடினமாவதும் இங்கேதான். மூலக்கூறுகளில், கரு நின்று நிதானமாக நகரும், எலக்ட்ரான் உடனுக்குடன் சரிசெய்துகொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். பிடி தளர்ந்து, எலக்ட்ரான்-பாசிட்ரான் என்ற இலேசான ஜோடி மெல்லக் கழலும் இடத்தில் அந்த வசதி உடைந்துவிடுகிறது. 2000-இல் ஃப்ரோலிக், ஜோன்செல், சாயென்ஸ், சைகல்மேன், டால்கார்னோ ஆகியோர் இந்த மோதலை முழுக் குவாண்டம் முறையில் கணக்கிட்டார்கள்.

பயன் என்ன? ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு 2010-இல் 38 எதிர்ஹைட்ரஜன் அணுக்களைச் சிறைபிடித்தது. அந்தக் காந்தப்பொறி சுமார் அரை கெல்வின் ஆழம்தான், அதைவிடச் சூடான அணு தப்பிவிடும். அணுவைக் குளிர்விக்க வேண்டும். குளிர்ந்த ஹைட்ரஜனோடு கலந்தால் என்ன என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் வேகம் குறையக் குறைய, வெறுமனே மோதித் திரும்பும் வாய்ப்பை அளக்கும் பரப்பு, அதாவது குறுக்குவெட்டு, ஒரு அளவில் நின்றுவிடும். அணுவை இழக்கும் குறுக்குவெட்டோ வேகத்துக்கு நேர்மாறாக ஏறும். அதாவது குளிரக் குளிர, குளிர்விக்கவே ஆள் மிஞ்சாது! ஆல்ஃபா குழு 2021-இல் அறிவித்த குளிர்விப்பு லேசரால் ஆனது.

சரி, கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.